மணல் வீசியவர்

காலை பதினொன்றரை. சுற்றுலாக்காரர்கள் வரும் பாறைப் பிளவுக்குள் வெளிச்சம் தூணாக இறங்கும் நேரம். நவஹோ பழங்குடிச் சமூகக்கூடத்தின் பின்வாசலில் நின்று வெர்லின் காகிதத் தட்டில் பொரித்த ரொட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் புதைத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"ஒரு ரொட்டியா? வயித்துல இருக்கறதுக்கு யாரு போடுவா?" கறிக்குழம்பு அண்டாவுக்குப் பின்னாலிருந்து மச்சான் எல்ராய் கேட்டான். "உன்ன மாதிரி கஞ்சன் கையால சாப்ட்டா புள்ள ஒல்லியாத்தான் பொறக்கும்."

வெர்லின் இன்னொரு ரொட்டி எடுத்தான். எல்ராய் பக்கத்தில் கறியை அள்ளிப் போட்டான்.

தட்டு அண்ணன் மகள் ஷாந்தீனுக்கு. அவர்கள் வழக்கப்படி கர்ப்பிணிகள் அடக்கத்துக்கு வரக்கூடாது. ஓர் உயிர் பிரிந்த இடத்தில் அவர்கள் கால் வைக்கவே கூடாது. காலையிலிருந்து அவள் சாலைக்கு அந்தப் பக்கம் தன் பிக்கப் வண்டியிலேயே இருந்தாள்.

அண்ணி ரோவீனா வாசல்வரை வந்தாள். நாலு நாள் துக்கம் முடியும்வரை இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது; அவளும் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வண்டியில அவர் கடைசியா பேசுனத அவகிட்ட சொல்லு. உன் வாயால கேட்டா கொஞ்சம் தூங்குவா."

"சரி அண்ணி."

அண்ணன் வண்டியில் எதுவும் பேசவில்லை.

அண்ணன் இறந்த அன்று ஆறு பேர் கேமராவும் ட்ரைபாடுமாகப் பிளவுக்குள் வந்திருந்தார்கள். வெளிச்சம் படத்தில் புகைபோல நிற்க வேண்டுமென்றால் யாராவது அதில் மணல் வீச வேண்டும். அண்ணன்தான் வீசுவார். இரண்டு முறை வீசிவிட்டு மண்வாரியை ஊன்றிப் பாறையோரம் உட்கார்ந்தார்.

"ரொம்ப வேர்க்குதுடா."

அவர் அங்கேயே இருந்தால் படம் நன்றாக வரும் என்றாள் ஒரு பெண்.

"அப்படியே இருண்ணே. ரெண்டு நிமிஷம். வெளிச்சம் போயிரும்," என்றான் வெர்லின்.

"நான் என்ன சினிமாக்காரனா?" என்றார் அண்ணன். பிறகு அசையாமல் இருந்தார். அந்தப் பெண் அவரைப் பாராட்டினாள். வெர்லின் அதை அவருக்குத் தங்கள் மொழியில் சொன்னான். வெளிச்சம் சுவரேறி மறைந்த பிறகுதான் அவர் தோளைத் தொட்டான்; மூச்சு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி கேட்டபோது, நெடுஞ்சாலை வரைக்கும் மூச்சு இருந்தது என்றான். அவள் அழுதபோது, மகளைப் பற்றித்தான் பேசினார் என்று சேர்த்துக்கொண்டான். உயிர் பிளவுக்குள்ளேயே பிரிந்தது என்று தெரிந்தால் நவஹோ ஆட்கள் ஒருவரும் வழிகாட்ட அங்கே வரமாட்டார்கள். அந்தச் சுற்றுலாவைத் தவிர குடும்பத்துக்கு வேறு பிழைப்பில்லை. பொய் சொன்ன காரணம் கேட்டால் இதைச் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. 'அப்படியே இரு' என்றதைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.

சாலையைக் கடந்தான். ஷாந்தீன் கண்ணாடியை இறக்கினாள். முகம் வீங்கியிருந்தது.

"என்ன சித்தப்பா, பாதி ஆட்டைக் கொண்டுவந்துட்டீங்க."

"எல்ராய் பண்ண வேலை."

கொஞ்சம் பிய்த்துத் தின்றாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா சொன்னாங்க. என்னையத்தான் கேட்டாராமே."

அவன் தலையசைத்தான். அவள் முகத்துக்கு நேரே பொய் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தான். எளிதாகத்தான் இருந்தது.

"குழிப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாங்க. அவர் துணிமணியையும் தொட விடல. எனக்குன்னு ஒரு எடமும் இல்ல சித்தப்பா. அங்க மட்டும்தான்."

"எங்க?"

"உள்ளதான். அவர் மணல் வீசுற எடம். நாலு நாள் முடியட்டும். நீங்க கூட்டிட்டுப் போங்க. அந்தப் பாறையோரமா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்துடறேன்."

கூடத்துக்குள் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் கையைத் துடைத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அம்மா உங்களக் கேட்டுக்கச் சொன்னாங்க. அங்க போனா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல, சித்தப்பா?"