வலப்பக்கத்துத் திட்டு

விருத்தாசலத்தில் மலை கிடையாது. ஊர்ப்பேரில் இருக்கிறது, சாமி பேரில் இருக்கிறது, பாதி ஆண்பிள்ளைகளின் பேரில்கூட இருக்கிறது. தேடிப்போனால் ஆற்று மணல்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பெண் வருஷம் தவறாமல் இமயமலைக்குப் போய், பனியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டு வருகிறாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "போட்டோ பாத்து வரைய வேண்டியதுதான, அவ்ளோ ஒசரம் ஏன் போவணும்?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே ஆதிலட்சுமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கண்ணால பாக்காதத நான் வரையமாட்டேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள்.

இரண்டு வருஷமாக இதைச் சொல்லும்போது அவள் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. ஏன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மலையேறும் குழுக்களோடு போய், அவர்கள் ஏறும் வழியை மலையேற்றப் புத்தகங்களுக்குப் படமாக வரைந்து தருவது அவள் தொழில். எங்கே பாறை, எங்கே பிளவு, எங்கே கூடாரம் போடலாம் என்று பார்த்தவுடன் விளங்க வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். வண்ணம் கரைக்கிற தண்ணீர் அங்கே உறைந்துவிடும் என்பதால் பாட்டிலை ஸ்வெட்டருக்குள் வைத்து உடம்புச் சூட்டில் காப்பாற்றுவாள். ஏழு முறை போயிருக்கிறாள். மீதி நாளெல்லாம் கணவன் அன்பரசனின் பீங்கான் பட்டறையில், கரண்டு பீஸ் மாட்டுகிற பீங்கான் கட்டைகள் காயும் பலகைகளுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு வரைவாள். வந்த மறுவாரமே அடுத்த மலைக்கு மனசு பறக்கும். ஓர் இடத்தில் உட்கார வைப்பது கஷ்டம்.

அன்றைக்கு ஜூன் மாதக் காலை, பத்து மணி. போனில் ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான் கம்மாபுரம் மோகனப்பிரியா. நாலு பேரு லாம்கா சிகரத்துக்கு வந்திருக்கோம். இப்ப அடிவாரத்துல கடைசி ஊருல இருக்கோம். மத்தியானம் ஏற ஆரம்பிச்சிடுவோம், அதுக்கப்புறம் சிக்னல் கெடையாது. எல்லாரும் எடப்பக்கமாதான் ஏறியிருக்காங்க. நாங்க மொத தடவையா வலப்பக்கமா போறோம். நீங்க வரைஞ்சிருக்கிற திட்டுலதான் மேல ஒரு ராத்திரி தங்கப்போறோம். உங்க படத்த நம்பித்தான்க்கா வந்திருக்கோம்."

கூடவே ஒரு போட்டோ. புத்தகத்திலிருந்து எடுத்த ஆதிலட்சுமியின் படம், பிளாஸ்டிக் உறை போட்டு. அதில் வலப்பக்கம், செங்குத்தான பனிச்சுவரின் நடுவே, நாலு கூடாரம் தாங்குகிற பாறைத் திட்டு ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

ஆதிலட்சுமி அந்த வட்டத்தையே பார்த்தாள். அங்கே திட்டு இருப்பதாக அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அங்கே என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாம்கா ஏறிய ஒரு குழுவோடு அவளும் போனாள். இரண்டாம் முகாமில் கால் விரல்கள் மரத்துப்போயின. மறுநாள் காலை சரியாகிவிட்டன, ஏறியிருக்கலாம். ஆனால் மேலே இடப்பக்கம் தெரிந்த ஏற்றத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கால் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிக் கூடாரத்திலேயே இருந்துகொண்டாள். மற்றவர்கள் பனிமூட்டத்தில் இடப்பக்கமாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் சொன்னதையும், போனில் எடுத்த நாலைந்து மங்கல் படங்களையும் வைத்து அவள் வரைந்தாள். வலப்பக்கத்தை யாருமே பார்க்கவில்லை, எல்லாம் மூட்டம். படம் ஒரு பக்கம் பரிமாறாத இலை மாதிரி வெறிச்சென்று கிடந்தது. அங்கே ஒரு திட்டை வைத்து, அதன்மேல் கொஞ்சம் வெயிலையும் வைத்தாள். அங்கே எவன் போகப்போகிறான் என்ற தைரியம்தான்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பார்க்க அனுப்பினார்கள். படத்துக்குக் கீழே 'மூன்றாம் முகாமிலிருந்து ஓவியர் நேரில் கண்டு வரைந்தது' என்று போட்டிருந்தது. பேனாவைக் கையில் எடுத்தாள். அடிக்கவில்லை, வைத்துவிட்டாள். அந்தப் படம்தான் அவளுக்குப் பேரும் வாங்கிக் கொடுத்தது.

இப்போது நாலு பேர் அந்தத் திட்டை நம்பி ஏறப்போகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்து, கால் வைக்க இடமில்லாமல், பனிச்சுவரில் கயிற்றில் தொங்கினால்? விடியும்வரை தாங்க மாட்டார்கள். மலை ஏறிய எவருக்கும் இது தெரியும்.

பதில் எழுத உட்கார்ந்தாள். 'அங்க திட்டு' என்று ஆரம்பித்து அழித்தாள். 'நான் ஒண்ணு சொல்லணும்' என்று ஆரம்பித்து அதையும் அழித்தாள். கடைசியில் புத்தி குறுக்கே போனது. "இந்த வருஷம் வலப்பக்கம் பனிச்சரிவு ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன். எடப்பக்கமாவே போங்க" என்று அனுப்பிவிட்டு மூச்சு விட்டாள். பிள்ளைகளும் பிழைத்தார்கள், பேரும் பிழைத்தது.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "விசாரிச்சிட்டோம்க்கா. இந்த வருஷம் பனி நல்லா கெட்டியா இருக்குதாம், வலப்பக்கம் சரிவு பயமே இல்லன்னு ஊர்க்காரங்களே சொல்றாங்க. எங்களுக்காக இவ்ளோ யோசிக்கிறீங்களே, அதுவே போதும்க்கா."

அவ்வளவுதான். சொன்ன பொய் ஒரு கும்பிடு போட்டுத் திரும்பி வந்துவிட்டது.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். எழுந்து பட்டறைக்குள் நடந்தாள். வாசலுக்குப் போனாள், ரோட்டைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். எதிர்க் கடையில் டீ வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றினாள். ஜங்ஷனில் ரயில் ஒன்று விடாமல் கூவியது, அதன்மேலும் எரிச்சல் வந்தது. மணி பதினொன்று ஆனது. திரும்பியபோது முழங்கை பட்டுப் பலகை சரிந்தது. காய்ந்துகொண்டிருந்த, இன்னும் சுடாத பச்சைக் கட்டைகள் அத்தனையும் தரையில் விழுந்து நொறுங்கின.

கட்டை வார்க்கும் அச்சுக்குப் பக்கத்தில் நின்ற அன்பரசன் களிமண் கையோடு ஓடிவந்தான்.

"என்னா ஆச்சு ஆதி? காலையிலேருந்து ஏன் இப்படி அலையற? ஒங்கம்மா வூட்ல எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லங்க. நீங்க போங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தினி கட்டைய ஒடச்ச?"

யாரிடம் சொன்னாலும் அவனிடம் சொல்ல முடியாது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டுப் பட்டறை வாசலில் மாட்டியவனே அவன்தான். கட்டை வாங்க வருகிற வியாபாரியைக்கூட நிறுத்தி, "எம் பொண்டாட்டி அங்க நின்னு வரைஞ்சது" என்று காட்டுவான்.

பதினொன்று இருபதுக்கு மறுபடி போட்டபோது மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அக்கா! நீங்களே போன் பண்றீங்களா! இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். எங்க லீடர் திலீபன் அண்ணன், எல்லாரும் ஒங்க கொரல கேக்கணும்றாங்க."

"வேணாம்மா, ஸ்பீக்கர..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். இந்தப் பெண் ஒருத்தியிடம் சொன்னால் போதுமா? கயிற்றில் தொங்கப்போவது நாலு பேர். "சரி, போடு. எல்லாரும் கேளுங்க. அந்தத் திட்டு கெடையாது."

"என்னாக்கா?"

"வலப்பக்கத்துல நான் வரைஞ்ச திட்டு. அது அங்க இருக்குதான்னு எனக்குத் தெரியாது. நானா வரைஞ்சது."

பிறகு ஓர் ஆண் குரல், திலீபனாக இருக்க வேண்டும். "மேடம், மூணாவது கேம்புலேருந்து பாத்ததுன்னு புக்குல போட்டிருக்குதே?"

"நான் மூணாவது கேம்புக்குப் போவல. ரெண்டாவதோட நின்னுட்டேன். கால் மரத்துப்போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். காலு இல்ல. பயம். எடப்பக்கமா போங்க. இல்லன்னா திரும்பி வாங்க. ஒங்க கால்ல வேணாலும் வுழறேன், அந்தப் பக்கம் மட்டும் போவாதீங்க."

"அந்தப் பிளான் கேன்சல்" என்று திலீபன் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. அதற்குமேல் அவன் அவளிடம் பேசவில்லை.

மோகனப்பிரியாதான் பேசினாள். குரலில் முன்பிருந்த துள்ளல் இல்லை. "அக்கா, காலேஜுல அந்தப் படத்தப் பாத்துதான் எனக்கு மலை ஏறணும்னே தோணிச்சி. எங்கூருல மலை ஏது? கரி எடுக்கற சுரங்கத்து மண்மேட்டுலதான் ஏறி எறங்கிப் பழகினேன்."

ஆதிலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "மன்னிச்சிடும்மா" என்றாள். லைன் எப்போதோ போயிருந்தது.

திரும்பினாள். அன்பரசன் அங்கேயே நின்றிருந்தான். முழுக்கக் கேட்டிருந்தான். கையில் ஒட்டியிருந்த களிமண் காய்ந்து வெளுத்திருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான். கோபத்தைவிட அவமானம்தான் அந்தக் குரலில் அதிகம். பிறகு குனிந்து உடைந்த கட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். அவளும் உட்கார்ந்து பொறுக்கினாள்.

மறுநாள் பதிப்பகத்துக்கு அவளே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். விற்காத பிரதிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்றாள். அவர்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அடுத்த புத்தகம் அவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைவிட, மலையிலிருந்து ஒரு தகவலும் இல்லாததுதான் அவளைத் தின்றது. அவர்கள் எந்தப் பக்கம் ஏறினார்கள்? பொய் சொன்னவள் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தால்? சோறு இறங்கவில்லை. தெருவுக்கும் பட்டறைக்கும் நடந்தே ஒன்பது நாளை ஓட்டினாள்.

பத்தாம் நாள் காலை ஒரு போட்டோ வந்தது. வெயிலில் கறுத்து, உதடு வெடித்த முகங்கள். எண்ணினாள். நாலு. மறுபடி எண்ணினாள். நாலுதான். அப்படியே தரையில் உட்கார்ந்து, வேலையாட்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

கீழே மோகனப்பிரியா எழுதியிருந்தாள். "மூணாவது கேம்புலேருந்து எடுத்ததுக்கா. எடப்பக்கமா ஏறினோம். வலப்பக்கம் நல்லா தெரியுது, பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முகங்களுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒரு காகம் உட்காரக்கூட இடமில்லை. உச்சியிலிருந்து அடிவரை ஒரே சுவர், நீலம் ஓடிய வெறும் பனி. அவள் பார்த்த எந்த மலையிலும், வரைந்த எந்தப் படத்திலும் அவ்வளவு அழகான ஓர் இடம் இருந்ததில்லை. வெறிச்சென்று கிடக்கிறதே என்று அவள் திட்டு வைத்து அடைத்தது அந்த இடத்தைத்தான்.