அவள் குரலுக்கு வாங்கிய ஸ்பீக்கர்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கொட்டகையிலிருந்து கார் வெளியே போகும். இசைக்குழு உள்ளே வரும். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். சத்தம் தெருவுக்குப் போகக் கூடாதாம். தெருவின் காதைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு, நடுவில் நின்று பாடுகிறவளின் தொண்டை மட்டும் நினைவுக்கு வரவில்லை.

கிடார் வாசிப்பவன் அவள் கணவன். டிரம்ஸ் அவன் தம்பி. பேஸ் கிடார் தம்பியின் சிநேகிதன். தாடி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். மூவருக்கும் தனித்தனிச் சாமான், தனித்தனிப் பெருமை. கிடார் சத்தத்தைப் பெருக்கும் கணவனின் ஆம்ப் மட்டும் பீரோ உயரத்துக்கு நின்றது. பாடுகிறவளுக்கோ, பழைய ரேடியோ செட்டிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பீக்கர்.

"உன் குரல் கேக்கவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் தம் கட்டு" என்பான் கணவன். அவளும் தம் கட்டினாள். கட்டிக் கட்டிக் காலையில் எழுந்தால் குரல் கரகரத்தது. போகப் போக மத்தியானம் வரை வரவே இல்லை. டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல முடிச்சு விழ ஆரம்பிச்சிருக்கும்மா. இப்படியே கத்தினீங்கன்னா, பாட்டு இருக்கட்டும், பேசினாக்கூட வெறும் காத்துதான் வரும்."

வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது கணவன் மெய்யாகவே பதறினான். அடுத்த மாதம் கச்சேரி இருந்தது.

"சரி, உன் குரலுக்குன்னே ஒரு ஸ்பீக்கர் வாங்கிடலாம். ஆனா கையைக் கடிக்காததாப் பாக்கணும்" என்றான். போன மாதம் மூன்றாவது கிடார் வாங்கியபோது அந்தக் கையில் எந்தப் பல்லும் படவில்லை. சிக்கனம் என்பது இந்த வீட்டில் அவளுடைய முறை வரும்போது மட்டும் கதவைத் தட்டுகிற விருந்தாளி.

கடைக்கு நால்வருமாகப் போனார்கள். அவள் தன் மைக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். ஆண்கள் மூவரும் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியிலும் செல்போனைச் செருகி, யாரோ பாடிய பாட்டை ஓடவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

"பேஸ் பாத்தியாடா? நெஞ்சுல குத்துது!" என்றான் தாடி.

"மைக்கைப் போட்டு நான் ஒரு வரி பாடிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அதான் பாட்டு நல்லாக் கேக்குதே அண்ணி, இன்னும் எதுக்கு?" என்றான் கொழுந்தன்.

வாங்குவது அவள் குரலுக்கு. தேர்ந்தெடுப்பது அவர்கள் நெஞ்சுக்கு. இருப்பதிலேயே மலிவாக, பாட்டுக்கேற்ப நீலமும் சிவப்புமாக மினுக்குகிற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மைக் கைப்பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

அந்த ஞாயிறு முதல் பாட்டிலேயே அவள் குரல் அவளுக்குக் கேட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு! அடுத்த வரிக்குள் கணவனின் முகம் சுருங்கியது.

"என் கிடார் கம்மியாக் கேக்குதே" என்று ஆம்ப்பின் குமிழைத் திருகினான். அண்ணன் ஏற்றியதும் தம்பி ஓங்கி அடித்தான். தாடி சும்மா இருப்பானா? அவள் ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஏற்ற, மைக் 'ஊய்' என்று ஊளையிட்டது. ஊளையிட்டவளே அவள்தான் என்பதுபோல் மூவரும் முறைத்தார்கள்.

"மைக்கை ஒழுங்காப் பிடிக்கக்கூடத் தெரியலையா?" என்றான் கணவன்.

அவள் சிரித்தாள். வழக்கமாக வருகிற சிரிப்பு. வந்த பிறகுதான் அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. யார் என்ன சொன்னாலும் சிரித்து வைக்கிற தனக்கும், எந்தப் பாட்டுக்கும் மினுக்குகிற அந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? அவர்களை மனசுக்குள் ஏளனம் செய்தபடியே அவர்களுக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது யார்?

அடுத்த பாட்டு தொடங்கியது. அவள் வாயை மட்டும் அசைத்தாள். பல்லவிக்குக் கண்ணை மூடினாள், சரணத்துக்குக் கையை உயர்த்தினாள். தொண்டையிலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் விடவில்லை. கடைசி வரை ஒருவரும் நிறுத்தவில்லை.

"ரெண்டாவது சரணம் எப்படி இருந்துது?" என்று கேட்டாள்.

"பிரமாதம்! இன்னைக்குத்தான் உன் குரல் தெளிவா வந்துது. புது ஸ்பீக்கர்னா சும்மாவா?" என்றான் கணவன்.

"நான் பாடவே இல்லைங்க."

"விளையாடாத."

"முழுப் பாட்டும் வாயைத்தான் அசைச்சேன். உங்க தம்பிக்காவது என் குரல் கேட்டுதான்னு கேளுங்க."

தம்பி தாடியைப் பார்த்தான். தாடி முட்டை அட்டையை எண்ணுகிறவன்போல் சுவரைப் பார்த்தான்.

"எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வாங்கினாலும் அதுக்கு மேல நீங்க ஏத்திடுவீங்க" என்றாள். "இருக்கறதுலயே செலவில்லாத வழி உங்க ஆம்ப்லதான் இருக்கு. வால்யூமைக் குறைங்க. முடியாதுன்னா கச்சேரிக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க. இந்தத் தொண்டை என்னோடது."

பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவன் முகத்தோடு அவன் குமிழைத் திருப்பினான். மற்ற இருவரும் தணிந்தார்கள். மறுபடி வாசித்தார்கள். கத்தாமலே அவள் குரல் வந்தது. அந்த மலிவுப் பெட்டியே அதற்குத் தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. கூடவே வேறொன்றும் கேட்டது. கிடாரில் ஒரு கம்பி சுருதி இறங்கிக் கிடந்தது. சரணத்துக்குள் நுழையும் இடத்தில் அவன் விரல் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தது.

கொழுந்தன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அண்ணா, இதை மூடத்தான் இத்தனை நாளும் அவ்ளோ சத்தமா?"

கணவனின் காது சிவந்தது. குனிந்து கம்பியை முறுக்கினான். "இத்தனை நாளா யாரும் சொல்லவே இல்லையே" என்று முணுமுணுத்தான்.

"சொன்னா மட்டும் கேட்டிருக்குமா?" என்றாள் அவள். "பக்கத்துல நிக்கறவங்க குரலை அமுக்கறவங்களுக்கு, தங்களோட தப்பும் காதுல விழாதுங்க. ம்... முதல்லேருந்து வாசிங்க."