என் புகழ்பெற்ற தப்பு

நான் எழுதிய நாற்பது ஆய்வுக் கட்டுரைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருப்பது ஒன்றைத்தான். அதுதான் தப்பானது. ஈரல் செல் என்று நினைத்து நான் சோதித்தது, குடுவையில் கலந்துபோன வேறு செல். மறு வருஷமே தப்பை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டேன். அதை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை.

"உன் பேரு நிக்கிறதே அந்தப் பேப்பராலதாம்மா. அதைப் போய் ஏன் கிளறுற?" என்றார் துறைத்தலைவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு, சரியான செல்லில் மூன்று வருஷம் மாடாய் உழைத்துப் ஆய்விதழுக்குப் புதுக் கட்டுரை அனுப்பினேன். எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. பழையதைக் குறிப்பிட்டால் ஆள் தெரிந்துவிடுமே என்று அதை விட்டுவிட்டேன்.

இன்று பதில் வந்தது. "இது நிறுவப்பட்ட உண்மைக்கு முரணானது. ஆசிரியர் இத்துறையின் அடிப்படைக் கட்டுரையைக்கூடப் படிக்கவில்லை. அதை மேற்கோள் காட்டித் திருத்தி அனுப்பவும்." கீழே அந்தத் தப்புக் கட்டுரையின் தலைப்பு, பக்கத்தில் என் பெயர்.

அக்காவிடம் போனில் கத்தித் தீர்த்தேன்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டது நீதானேடி," என்று சிரித்தாள். "இப்ப என்ன பண்ணப்போற?"

மேற்கோள் பட்டியலைத் திறந்து அந்தக் கட்டுரை, அதன் திருத்தம் இரண்டையும் சேர்த்தேன். திருத்தத்துக்கு முதல் ஆள் நான்தான். தப்புக்கு முந்நூற்றுப் பதிமூன்றாவது ஆளும் நான்தான்.