செத்த சுண்ணாம்பு

சுண்ணாம்பை வெயிலில் காயவைத்தால் அதற்கு உயிர் வராது. இதைச் சொல்வதற்குக்கூட ஒரு பட்டம் தேவைப்படுகிற இடத்தில் நான் வேலை பார்த்தேன். பட்டம் இருந்தும் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

1974ஆம் வருஷம். போர்ட் பிளேயரில், ஹாடோ துறையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் பயிற்சிக்கூடம். ஆழ்கடலில் கலவைக் காற்றோடு இறங்கி வேலை செய்ய அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சாதாரணக் காற்றோடு ஆழத்துக்குப் போனால் மனிதனுக்குப் போதை ஏறிவிடும். அதனால் ஹீலியம் கலப்பார்கள். ஹீலியம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும், தங்கத்தின் விலை. ஆகவே விட்ட மூச்சைக் குமிழியாகக் கடலில் விடாமல், மார்பில் கட்டிய ரப்பர் பையில் பிடித்து மறுபடி மூச்சுக்கே அனுப்புகிற கருவி. 'பை செட்' என்போம். விட்ட மூச்சில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்ச முதுகில் ஒரு டப்பா, டப்பா நிறைய சோடா சுண்ணாம்பு, வெள்ளைக் குருணையாக. அது வேலை செய்கிறவரை மனிதன் மீன். தீர்ந்துபோனால் அவன் மூச்சே அவனைக் கொல்லும்.

வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்து ஆறு பேரைப் பழக்கிவிட்டுப் போனார். அடுத்து அந்த ஆறு பேரையும் ஆசிரியர்களாக்க வேண்டும். தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், கப்பல்துறை கட்டும் வேலை வரப்போகிறது, அங்கே புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு இவர்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இறங்குகிறவன் தப்புச் செய்தால் அவன் சாவான். ஆசிரியன் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் எங்கோ யாரோ சாவார்கள், இவன் பென்ஷன் வாங்குவான்.

என் பெயர் மங்கையர்க்கரசி. சாத்தாம் மர ஆலையில் கட்டை தூக்குகிறவர் மகள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள். மெட்ராஸில் போய் வேதியியல் படித்துத் திரும்பினேன். சிலிண்டர்களைச் சோதிப்பதும் ஆறு பேருக்கும் வாயுப் பாடம் எடுப்பதும் என் வேலை. பதவிக்குப் பெயர் மட்டும் ஆய்வகப் பணியாள். ஆசிரியை என்று எழுதினால் சம்பளம் ஏறிவிடுமே. நானும் செட்டை மாட்டி இறங்கிப் பார்க்கிறேன் என்று கேட்டபோது, பெண்களுக்கு உடை மாற்ற இடமில்லை என்றார்கள். நாலு தகரம் கொடுங்கள், நானே அடித்துக்கொள்கிறேன் என்றேன். தகரமும் இல்லை என்றார்கள்.

அந்த ஆகஸ்டில் கடல் மோசமாக இருந்தது, கப்பல் வரவில்லை. ஒருநாள் காலை கொட்டகைக்குப் பின்னால் போனால், தார்ப்பாயில் ஒரு பக்கம் நெத்திலி காய்கிறது, மறுபக்கம் சோடா சுண்ணாம்பு காய்கிறது. முத்துமணி ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். ஆறு பேரில் இளையவன் அவன். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறிய குடும்பம்.

"என்ன முத்துமணி, வத்தல் போட்டிருக்கியா?"

"சூப்பரின்டெண்ட் சாப் சொன்னாரு டீச்சர். நேத்து ஊதாவா கிடந்துச்சு. இன்னிக்குப் பாருங்க, பூ மாதிரி வெள்ளை. சூரிய பகவான் சும்மாவே ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்காரு."

அந்தக் குருணையில் ஒரு சாயம் கலந்திருப்பார்கள். சுண்ணாம்பு தீர்ந்தால் ஊதாவாகும். அதை எடுத்து இருட்டு அலமாரியில் வைத்தாலும் சில மணி நேரத்தில் மறுபடி வெளுத்துவிடும். சாயம் வெளுத்ததற்கும் சுண்ணாம்பு பிழைத்ததற்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளைத்துணி போர்த்திய பிணம் அது.

இந்தத் தீவுகளில் எதையும் எறிகிற வழக்கம் கிடையாது. வளைந்த ஆணியை நிமிர்த்துவோம், சிமெண்ட் சாக்கைத் துவைத்துக் கதவுக்குத் தொங்கவிடுவோம். கப்பல் எப்போது வரும் என்பது கடவுளுக்கும் தெரியாது. எங்கள் சூப்பரின்டெண்ட் கோவிந்தராஜ் மெயின்லேண்டிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான். அதற்குள் எங்கள் இல்லாமையைப் பார்த்து, அதை இந்தச் சுண்ணாம்பிலும் பூசி, 'தீவு முறை' என்று பெயரும் வைத்துவிட்டார்.

அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"சார், அந்தச் சுண்ணாம்பு செத்துப்போனது."

"சோதிச்சாச்சும்மா. நாற்காலியில உட்கார வெச்சு, வாயில மாட்டி, அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டுப் பாத்தாச்சு. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல."

தண்ணீரில் இறங்குமுன் அப்படி ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் இருப்பவன் மூச்சு விடுவான், ஆசிரியர் எதிரே நின்று அவன் முகத்தையே பார்க்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷம் தாங்கும் சார். கொஞ்சம் உசிர் ஒட்டிக்கிட்டிருக்கும். கீழ போய் சங்கிலியைப் பிடிச்சு இழுக்கறப்போ தாங்காது."

"நீ கீழ போயிருக்கியா?"

"நீங்க விட்டாத்தானே."

அவர் சிரித்தார். "இங்க பாரு. டெல்லியிலேருந்து கமிட்டி வருது. ஒவ்வொருத்தனும் ஒரு பாடம் நடத்திக் காட்டணும். சுண்ணாம்புப் பாடம் சிவஞானத்துக்கு. நீதான் அவனைத் தயார் பண்ற. வெள்ளைன்னா போடு, ஊதான்னா காயவை. ரெண்டே வரி."

"தப்பான பாடத்தை நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப நானே எடுக்கறேன். உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி மேல எழுதலாம்னு இருந்தேன். அதையும் காயப்போட்டுடட்டுமா?"

தன் நகைச்சுவையை அவரே ரசித்தார். நான் வெளியே வந்து, மதியம் துறை ஓரம் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த சிவஞானத்திடம் போனேன். தூத்துக்குடியில் சங்கு குளித்தவர், நாற்பது வயது. இங்கே வந்து ஹாடோவில் ஒரு தகரக் குடிசையில் குடும்பத்தோடு இருந்தார். ஆசிரியர் பதவி கிடைத்தால் அவருக்கு சர்க்கார் குவார்ட்டர்ஸ்.

"அண்ணாச்சி, அந்தப் பாடத்தை நடத்தப் போறீங்களா?"

"டீச்சரம்மா, எனக்குத் தெரியாதா? போன வாரம் மூலையில வெளுத்துக் கெடந்ததப் போட்டுத்தான் இறங்குனேன். தலைக்குள்ள எவனோ முரசு அடிக்கான். பாதியிலயே ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பேச்சுதானே, பேசிட்டுப் போறேன். எனக்குன்னா நல்ல டப்பாவாப் பாத்து எடுத்துக்கிடுவேன்."

"ஹட் பேயில உங்ககிட்டப் படிக்கப் போறவன்?"

"அவன் தலையெழுத்து." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார். "மழை பெஞ்சா வீட்டுக்காரி ராத்திரி பூரா புள்ளைகளப் பாயோட இழுத்துகிட்டுக் கெடக்கா. உங்களுக்கென்ன, வாய் இருக்கு, பேசுதீய."

"எங்க வீடும் தகரம்தான் அண்ணாச்சி. ஒழுகுறதும் அதே மழைதான்."

அவர் தூக்கை மூடினார். கோவிந்தராஜ் மேல் வந்ததைவிட இவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது. அந்த ஆளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். இவருக்குத் தெரியும். செத்துப்போகாமல் மேலே ஏறிவந்தவர்.

கமிட்டி வந்தது. மூன்று பேர், மூவருக்கும் குஷன் நாற்காலி, தலைக்குமேல் பந்தல். வாயுப் பாடம் முழுவதையும் எடுத்த என்னை டீ மேஜைக்கு அனுப்பியிருந்தார்கள். பிஸ்கட் தட்டுகளுக்குப் பின்னால் நின்றுதான் நான் பரீட்சையைப் பார்த்தேன்.

மற்ற ஐவரும் நடத்தி முடித்தபின் சிவஞானம் எழுந்தார். முத்துமணி மாணவனாக நாற்காலியில் உட்கார்ந்தான். "தேக்கோ பாய்" என்று தீவு இந்தியில் ஆரம்பித்தார் சிவஞானம். "சஃபேத் ஹை தோ டீக் ஹை, வெள்ளைன்னா சரி. ஊதா ஆயிருச்சா, தூப் மே சுகாவ், வெயில்ல காயப்போடு." குரல் மட்டும் வந்தது, மனுஷன் எங்கோ நின்றார். முத்துமணி காய்ந்த சுண்ணாம்பில் மூச்சு விட்டான். ஒன்றும் ஆகவில்லை. கமிட்டித் தலைவர் தலையை ஆட்டினார். கோவிந்தராஜ் முகத்தில் பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற பூரிப்பு.

டீ ஜாடியை வைத்துவிட்டு நடந்தேன்.

"முத்துமணி, செட்டைக் கழட்டி எனக்குக் குடு. டப்பாவை மாத்தாதே."

தலைவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: நாற்காலியில் இருப்பவன் வேலை செய்வதில்லை. கடலடியில் வேலை செய்ய வேண்டும். அதே டப்பாவோடு நான் வேலை செய்து காட்டுகிறேன்.

"போய் டீயைப் பாரு" என்றார் கோவிந்தராஜ், பல்லுக்குள்.

தலைவருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. செய்யட்டும் என்று கையைக் காட்டினார்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, செட்டை மாட்டி, வாயில் குழாயைக் கவ்வினேன். இரண்டு கையிலும் மணல் வாளி. தூக்கினேன், இறக்கினேன், தூக்கினேன்.

"டீச்சரம்மா கல்யாணத்துக்கு இப்பவே மாவு இடிக்காங்க" என்று பின்னால் யாரோ சொல்ல, சிரிப்பு. சிரிக்கட்டும். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூச்சு கொஞ்சம் சூடாக வந்தது. பிறகு எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. பை என் மார்பில் படபடவென்று அடித்துக்கொண்டது. காதுக்குள் சிவஞானம் சொன்ன அந்த முரசு. குழாயைத் துப்பிவிட வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அதுதான் அந்த வாயுவின் அயோக்கியத்தனம், கொல்லுமுன் புத்தியைப் பிடுங்கிக்கொள்ளும். வாளியைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது.

"நடிக்கறா சார்" என்றார் கோவிந்தராஜ்.

எதிரே நின்ற சிவஞானம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கமிட்டியைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவர் எதைக் கணக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியும், அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்த நொடி பாய்ந்துவந்து என் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கினார். நான் மணலில் விழுந்தேன். தலைவலியில் மண்டை பிளந்தது. வாந்தி எடுத்தேன், சரியாகக் கமிட்டியின் பந்தலுக்கு முன்னால்.

"சாப்" என்றார் சிவஞானம். தலைவரை நேராகப் பார்த்தார். "நான் சொன்னது தப்புப் பாடம். இந்தச் சுண்ணாம்பு மர் கயா. செத்துப்போச்சு."

தலைவர் கேட்டார்: "கப்பல் வரவில்லையென்றால் என்ன சொல்லிக்கொடுப்பாய்?"

"எறங்காதேன்னு சொல்லிக்குடுப்பேன் சாப்."

கோவிந்தராஜ் எழுந்து தொண்டையைச் செருமினார். இந்த ஆபத்தைக் கமிட்டிக்குக் கண்கூடாகக் காட்டத்தான் இந்தச் செயல்விளக்கத்துக்கு ஏற்பாடு செய்தாராம். என் வாந்தியையும் அவரே திட்டமிட்டிருந்தார் போல. தலைவர் அவர் கையைக் குலுக்கினார். ஐந்து பேர் பாடத்தை முடித்துவிட்டார்கள், சிவஞானம் பாதியில் நிறுத்தியதால் அவர் விஷயம் பிறகு முடிவு செய்யப்படும் என்றார்கள். சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாலையில் தலைவலியோடு கொட்டகைக்குப் போனேன். காய்ந்த சுண்ணாம்பை டப்பாக்களில் அடைத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போகுது இது?"

"ஹட் பேக்கு, டீச்சர்" என்றான் முத்துமணி. தலை நிமிரவில்லை. "அங்க பழகுறதுக்குப் போதும்னு சாப் சொன்னாரு."

இங்கே கமிட்டி பார்த்துவிட்டது, ஹட் பேயில் யார் பார்க்கப் போகிறார்கள்? புத்தம் புதிய ஆட்கள், வெள்ளையைப் பார்த்துச் சரி என்று போட்டுக்கொண்டு இறங்குவார்கள். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் கழிவு எண்ணெய் டின் இருந்தது, கறுப்பாக, தார் மாதிரி. தூக்கி வந்தேன். முதல் டப்பாவைத் தார்ப்பாயில் கவிழ்த்தேன், எண்ணெயை ஊற்றினேன்.

ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முணுமுணுத்தான்: "கப்பல் வர்ற வரைக்கும் முங்குறதுக்குக் குடுக்கிற அலவன்ஸ் போச்சு. எல்லாம் இந்தப் பொண்ணு வாயால."

சிவஞானம் எழுந்து வந்தார். அவன் வாயை மூடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு குச்சியை எடுத்து எண்ணெயையும் சுண்ணாம்பையும் கிளற ஆரம்பித்தார், முத்துமணி கிளறிய அதே பக்குவத்தில்.

"கிட்ட வாங்கலே எல்லாரும்" என்றார். "காலையில நடத்துனத மறந்துருங்க. இதான் பாடம். தீந்த சுண்ணாம்ப அன்னைக்கே இப்படிக் கெடுத்துப்புடணும். சும்மா மூலையில வச்சா வெளுத்துரும். வெளுத்தா எவனாவது நல்லதுன்னு எடுத்துக்கிடுவான். எவன்னு கேக்காதீய. ஒருநாள் நானே எடுத்தேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. கோவிந்தராஜ் வாசலில் நின்றார்.

"சர்க்கார் சொத்து அது. யார் ஊத்துனது?"

"நான்தான் சார்."

"எழுத்துல விளக்கம் குடு."

"எழுத வேணாம் சார், வாயாலேயே சொல்றேன். ஆளைக் கொல்றதுக்குப் போற சொத்து. அதான் ஊத்துனேன்."

அவர் சிவஞானத்தைப் பார்த்தார். "உன் பேரு இன்னும் முடிவாகல, ஞாபகம் இருக்கட்டும். குவார்ட்டர்ஸ் வேணுமா வேணாமா?"

சிவஞானம் குச்சியைக் கீழே வைக்கவில்லை. "வேணும் சாப்" என்றார். பிறகு மற்ற ஐந்து பேர் பக்கம் திரும்பினார். "முத்துமணி, அடுத்த டப்பாவக் கொண்டா."