பத்து மாதம் கிடந்த மருந்து

சிகிச்சை அட்டையில் இருந்த தேதியை இரண்டு முறை படித்தேன். போன மே இருபது. இன்று மார்ச் இருபத்தொன்று, நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகை.

பத்து மாதம்.

மேய்ப்பர் வீட்டுப் பெண் சைக்கலின் மேல் முன்பல்லில் கிடக்கிறது நான் வைத்த மருந்து. எட்டு வயதில் அவள் குதிரையிலிருந்து விழுந்தபோது செத்த பல். வேர் முழுசாக வளரவே இல்லை, சுவர் முட்டை ஓடு மாதிரி. போன வருடம் சீழ் வைத்தபோது வேருக்குள் சுண்ணாம்பு மருந்து வைத்து அடைத்தேன். ஒரு மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். ஆனால் மந்தையோடு மேய்ச்சல் மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு நாரின் என்ற இந்த மலையூரில் பல் டாக்டர்கள் நாங்கள் எல்லோரும் செய்வதுதான்: கூடுதலாகத் திணித்து, இறங்கியதும் வா என்று அனுப்பிவிடுவோம். அவர்கள் அட்டைக்குத் தனிப் பெட்டி. பனி விழுமுன் அந்தப் பெட்டியைத் திறக்க மறந்தவள் நான்.

கிருமியைக் கொல்லும் அதே மருந்து மாதக்கணக்கில் கிடந்தால் பல்லின் உட்சுவரைப் பிணைத்திருக்கும் நாரையும் அரிக்கும். வலிக்காது. வெளியே தெரியாது. ஒரு நாள் படக்கென்று போகும்.

இன்று ஊர்ச் சதுக்கத்தில் நடக்கும் போட்டியில் சைக்கல் வாசிக்கப்போவது தெமிர் கொமுஸ். மோர்சிங் போலத்தான். இரும்பை முன்பல்லில் பொருத்தி விரலால் மீட்டவேண்டும். ஜெயித்தால் தலைநகர் பிஷ்கெக்கின் இசைக்குழுவில் இடம்.

ஓடினேன்.

மேடைக்குப் பின்னால் சுமலக் கஞ்சிக் கொப்பரை அருகே நின்றிருந்தாள்.

"என்னக்கா, வெள்ளைக் கோட்டோட ஓடி வர்றீங்க? யாரு பல்லைப் பிடுங்கப் போறீங்க?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. பத்து மாதமாக ஒரு வலி இல்லை, ஊரெல்லாம் உங்கள் மருந்தைத்தான் புகழ்கிறேன் என்றாள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இப்ப வாசிச்சா உடைஞ்சிருமா?"

"உடையலாம். உடையாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலை சைக்கல். தப்பு என்னோடது."

"உங்களுக்கே தெரியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்குறது?"

ஒலிபெருக்கி அவள் பெயரைக் கூப்பிட்டது. ஏறினாள். இரும்பை உதட்டருகே கொண்டுபோனாள். அவள் கை அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது.

"வாயில போர்சோக் மாட்டிக்கிச்சா புள்ளே?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, அந்தப் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இறங்கியவள் என்னைப் பார்க்காமலே ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

உண்மையான பயம் அங்கேதான் காத்திருந்தது. மருந்தை எடுக்க அந்த முட்டை ஓட்டுப் பல்லுக்குள் நான்தானே ஊசியை விடவேண்டும்! கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினேன். வெள்ளைக் குழம்பு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் பல் உடையும் சத்தத்தை எதிர்பார்த்தேன். கடைசியில் வேரை நிரப்பி, சுவரைத் தாங்கும் பசை வைத்து, நீல ஒளியில் இறுக்கினேன்.

"மெதுவா... பல்லோட பல்லு படுற மாதிரி மூடு."

அவள் மூடவில்லை. திறந்த வாயோடு என்னையே பார்த்தபடி, நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக் கிடந்தாள்.

இரண்டாம் முறை சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.