முப்பத்தோரு கடைகளும் ஒரு வரியும்

தன் தம்பி சுடலைக்கண்ணன் செத்துப்போன காலையில் வானமாமலை போனை மாரிசெல்வத்தின் கையில் கொடுத்தார். “கம்பெனிக்குச் சொல்லிரு மருமவனே.”

தாராவியில் இட்லி அவித்துக் கடைகளுக்குப் போடும் அந்த வீட்டுக்கு மூன்று வருஷமாக மாரிசெல்வம்தான் வாய். மாமாவுக்கும் பூமாரி அத்தைக்கும் எழுத வராது. சிலிண்டர் புக் பண்ணுவதிலிருந்து ஊருக்குத் துட்டி சொல்லுவதுவரை அவன் பேசுவான், போன் எழுத்தாக்கும். இன்றைக்கும் பேசினான்: “வீட்டில் துட்டி. காடாத்து முடியும்வரை மூன்று நாள் அடுப்பு பற்றவைக்க மாட்டோம். கடைகளுக்கு வேறு ஆள் இட்லி கொடுக்கட்டும்.” ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

செய்தி போனது செம்பூரில் அவன் வேலை பார்க்கும் ஆபீசுக்கு. கடைகளுக்குச் சரக்குப் போடும் வியாபாரிகளை ஒரு ஆப்பில் சேர்த்து, லீவென்றால் பதிலாள் அனுப்பும் கம்பெனி அது. அங்கே இப்படி வரும் செய்திகளை மனுஷர் யாரும் படிப்பதில்லை. ஏஜென்ட் என்று ஒரு புரோகிராம் படிக்கும்; டூல் என்ற சின்னக் கருவிகளில் எதை ஓட்டுவது என்று அதுவே முடிவு பண்ணும். ஒவ்வொரு டூலும் என்ன செய்யும், எப்போது ஓட்ட வேண்டும், எப்போது கூடாது என்று அதற்குப் புரிகிறமாதிரி எழுதிவைப்பதுதான் மாரிசெல்வத்தின் வேலை. எழுதியிருப்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஆப்பில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

நான்காம் நாள் விடியக்காலம் மாமா வழக்கம்போல அவித்து இறக்கி, டப்பாக்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஒன்பது மணிக்கெல்லாம் அத்தனையும் கனம் குறையாமல் திரும்பி வந்தன.

“கிங்ஸ் சர்க்கிள் ஜெபஸ்டின் கடையில வேற இட்லி இருக்கு” என்றார் மாமா. “என்னவேன்னு கேட்டேன். ‘நீரு யாவாரத்தையே விட்டுட்டதா போன்ல வந்துச்சே அண்ணாச்சி, முலுண்ட் இட்லி பாக்டரிக்காரன் வந்து ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டுட்டுப் போயிட்டானே’ங்கான். முப்பத்தோரு கடையிலயும் இதே பேச்சு.”

அத்தை டப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

மாரிசெல்வம் செம்பூருக்கு ஓடினான். டீம் லீடர் ரஞ்சனா பதிவுகளைத் திறந்து காட்டினாள். ஏஜென்ட் முன்னால் இரண்டு டூல்கள் இருந்திருக்கின்றன. பதிலாள் போடும் டூலுக்கு, ‘ஒரு நாள் லீவுக்கு’ என்று அவன் எழுதியிருந்தான். கடையை ஒப்படைக்கும் டூலுக்கு, ‘வியாபாரியால் சரக்குக் கொடுக்க முடியாதபோது கடையை இன்னொருவருக்குக் கொடுக்கும்’ என்று எழுதியிருந்தான். மூன்று நாள், ஒரு நாள் இல்லையே. அது இரண்டாவதை ஓட்டிவிட்டது.

“கொடுத்தால் திரும்பி வராது என்று ஏன் எழுதவில்லை?” ரஞ்சனா இந்தியில் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவனுக்குப் பதில் தெரியும். அவர்கள் சந்தில் எல்லா வீடும் இட்லி வீடுதான்; ஒரு வீட்டில் துட்டி என்றால் பக்கத்து நாலு வீடும் அந்த வீட்டுக் கடைகளுக்கு முறைபோட்டு இட்லி அனுப்பும். நாலாம் நாள் கடைகள் தானாக வீட்டுக்காரனிடம் வந்துவிடும். துட்டி வீட்டுக் கடையைத் தொட்டவன் விளங்கமாட்டான் என்பார்கள், தொட்டவனும் கிடையாது. கொடுத்தது திரும்பி வராமல் போகும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாததை எங்கே எழுதுவது?

“இப்ப எழுதுறேன்” என்றான்.

எழுதினான். ‘இது நிரந்தரம். திரும்பப் பெற முடியாது. துட்டி, நோய், ஊர்ப் பயணம் எதற்கும் இதை ஓட்டாதே; எத்தனை நாளானாலும் பதிலாள் போடு. வியாபாரியிடம் ஒருமுறை கேள்.’ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அனுப்பிய அதே செய்தியைச் சோதனைக்குக் கொடுத்தான். ஏஜென்ட் சரியான டூலை எடுத்தது. ‘அடுப்பு என்றைக்குப் பற்றவைப்பீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்டது.

“டெஸ்ட் பாஸ்” என்றாள் ரஞ்சனா. “இனிமேல் யாருக்கும் இப்படி ஆகாது.”

“எங்க மாமாவுக்கு?”

“திருப்பி எடுக்க டூலே இல்லையே, மாரி. ஒப்பந்தம் கடைக்காரர்கள் போட்டது.”

வீட்டுக்கு வந்தபோது டப்பாக்கள் காலியாக இருந்தன. அத்தை சந்து முழுக்கக் கொடுத்திருந்தாள். அவன் நடந்ததை மறைக்காமல் சொன்னான்.

“நாலாம் நாள் கடை நமக்குத் திரும்பி வரணும்னு நீ அதுகிட்ட சொல்லலியாலே?” அத்தை கேட்டாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானன்னு விட்டுட்டேன் அத்தை.”

“எல்லாருக்கும்னா? நம்ம நாலு வீட்டுக்குத் தெரியும்.”

மாமா அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. ஒரு வசவுகூட இல்லை; வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“முலுண்ட் பாக்டரியில ஆளு எடுக்கானுவளாம். எனக்காவப் பேசி அனுப்பு.”

“மாமா...”

“பேசுலே. நாளைக்குக் கடையில்ல, அடுப்பும் இல்ல. உக்காந்து என்ன செய்ய?”

மாரிசெல்வம் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பெயர் வானமாமலை. வயது ஐம்பத்திரண்டு. இட்லி அவிக்கத் தெரியும். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. போனைக் கீழே இறக்கினான்.

“வேற என்ன சொல்லணும் மாமா?”

“எல்லாத்தையும் சொல்லு” என்றார் மாமா. “தெரிஞ்சிருக்கும்னு ஒண்ணையும் விட்டுராத.”