காற்று சரியில்லை

கருக்களாச்சேரிக் கடற்கரையில் மேடை போட்டு, பூங்கொடியின் முகத்தை அச்சடித்த பேனர் கட்டியிருந்தார்கள். 'குழந்தைகள் உரிமைக்கான சர்வதேச விருது பெற்ற எங்கள் ஊர்ச் செல்வம்' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் பஞ்சாயத்தார் ஒன்பது பேரின் படம். ஒன்பது மீசைக்கு நடுவே பிள்ளையின் முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முன்வரிசையில் அவளுடைய அப்பா தர்மராஜ் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்தது. பக்கத்து நாற்காலியில் பஞ்சாயத்துத் தலைவர் முருகானந்தம்.

"என்ன மச்சான், இப்படி வேர்க்குது? சோடா வாங்கியாரச் சொல்லவா?"

பதினோரு மாதம் தர்மராஜிடம் ஒரு வார்த்தை பேசாத வாய் அது. யாரும் பேசக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னதும் அதே வாய்தான். இப்போது சோடா வாங்கித் தருகிறதாம்.

போன வருஷம் முருகானந்தம் தன் மகள் கீர்த்திகாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் வைத்தார். கீர்த்திகாவும் பூங்கொடியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பூங்கொடி அதிகாரிகளுக்குப் போன் செய்துவிட்டாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஜீப் வந்தது. கட்டிய பந்தலைப் பிரித்தார்கள்.

மறுநாளே ஊர் கூடி தர்மராஜ் வீட்டைக் கட்டுப்பாட்டில் வைத்தது. அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது, பிள்ளைகள் உட்பட. அவர் மீனை இங்கே ஏலம் விடக்கூடாது. அவர் படகைக் கரையேற்ற எவனும் தோள் கொடுக்கக்கூடாது. நல்லது கெட்டதுக்கு அழைக்கக்கூடாது. பத்துப் பேர் சேர்ந்து தூக்குகிற படகை அவரும் மனைவி கனகாம்பாளும் பூங்கொடியும் கட்டை போட்டு உருட்டி ஏற்றினார்கள். கனகாம்பாளுக்கு இடுப்பு போனது அப்போதுதான். சுற்றி நின்றவர்கள் வலையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். மீனை ஊர் எல்லைக்கு அப்பால் தெற்கே ஒரு துறையில் கொண்டுபோய்ப் போட்டார் தர்மராஜ்.

மகளை அவர் ஒருநாளும் ஏசியதில்லை. அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது.

ஐந்தாம் மாதம் பொறுக்கமுடியாமல் முருகானந்தத்தின் வாசலில் போய்க் கைகட்டி நின்றார். "வர்ற அமாவாசைக் கூட்டத்துல பாப்போம். அதுவரைக்கும் ஒம் பொண்ணு அடங்கி இருக்கட்டும்" என்று இன்னொருவர் மூலமாகப் பதில் வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மறுநாள் காலை பூங்கொடி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. இவர் எடுத்தார்.

"மாமா, நான் கீர்த்திகா. பூங்கொடிகிட்ட குடுங்க மாமா. வெள்ளிக்கிழமை மறுபடியும் ஏற்பாடு பண்றாங்க. வெளியூர்க் கோயில்ல. சீக்கிரம் குடுங்க..."

தர்மராஜ் அழைப்பைத் துண்டித்தார். அந்த எண்ணையும் போனிலிருந்து அழித்தார். பூங்கொடி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "நம்மகூடதான் யாரும் பேசுறதில்லையே, யாருப்பா போன்ல?" என்றாள். "ஏதோ ராங் நம்பர்" என்றார். அமாவாசை வந்தது. கூட்டமும் நடந்தது. கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. மானம் போனதற்குக் கூலியாக அதுவாவது கிடைத்திருக்கலாம், அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஊரே வேன் பிடித்துப் போய்க் கல்யாணச் சோறு தின்றுவிட்டு வந்தது. கட்டுப்பாட்டில் இருந்த வீட்டுக்கு மட்டும் அழைப்பில்லை. அழைப்பில்லாத வீட்டுக்குச் செய்தியும் இல்லை. கீர்த்திகா தெற்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தார்கள். பூங்கொடி அதை அப்படியே நம்பினாள்.

நான்கு மாதம் கழித்துத் தெற்குத் துறையில் தர்மராஜ் கூடையை இறக்கும்போது எதிரில் கீர்த்திகா நின்றாள். கழுத்தில் புதுத் தாலி. வயிறு தெரிந்தது. ஏலத்தில் மீன் எடுக்க மாமியாரோடு வந்திருந்தாள். மாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும் கிட்டே வந்தாள்.

"அன்னைக்குப் போன நீங்கதான் எடுத்தீங்கன்னு நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களும் என்னையப் பாத்தத சொல்லாதீங்க. எனக்காக அவ ரொம்பப் பட்டுட்டா."

அவள் இரண்டு திட்டு திட்டியிருக்கலாம். திட்டாமல் போனதுதான் இன்றுவரை அவரை உறங்கவிடவில்லை.

அப்புறம் விருது வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் பூங்கொடியின் கதையை எழுதி அனுப்பியிருந்தது. பேப்பரில் படம் வந்த அன்றே முருகானந்தம் வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றார்.

"நடந்தது நடந்துபோச்சு மச்சான். கீர்த்திகா படிக்குதுன்னே இருக்கட்டும், ஊரு பேரு கெடக்கூடாது பாரு. ஊரும் சேந்துதான் கல்யாணத்த நிறுத்துச்சுன்னு ஒம் பொண்ணு ஒரு வார்த்த சொல்லட்டும். நாளைக்கே ஒம் படக நாங்க தூக்குறோம்."

தர்மராஜ் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். மறுநாள் பத்துப் பேர் தோள் கொடுத்தார்கள். முருகானந்தமும் பெயருக்கு ஒரு கை வைத்தார். படகு பூப்போல ஏறியது. கனகாம்பாள் அழுதாள். பூங்கொடி விமானம் ஏறிப் போய் விருது வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் மைக்கைப் பிடித்தாள்.

"ஊர்ப் பெரியவங்களுக்கு நன்றி. ஆனா இந்த விருது கீர்த்திகாவுக்குத்தான் சேரும். அவ இன்னைக்கு பதினோராம் வகுப்பு படிக்கிறா."

கூட்டம் கைதட்டியது. கீர்த்திகாவின் கல்யாணத்தில் சோறு தின்ற கைகள் அத்தனையும் தட்டின. ஒரு முகமாவது சுருங்குகிறதா என்று தர்மராஜ் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சுருங்கவில்லை. முருகானந்தம் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

"பதினோரு மாசம் எங்கப்பா எனக்காகத் தனியா நின்னாரு. ஒருதடவகூட என்னையத் தலைகுனிய விடல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டாள். நல்ல கனம். போட்டோ எடுத்தார்கள். பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்றார், அவ்வளவுதான் வந்தது.

கூட்டம் கலைந்ததும் பூங்கொடி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே நீல நிறத்தில் பேனா, நோட்டுப் புத்தகம், ஒரு கம்பளித் தொப்பி.

"எல்லாம் அங்கேர்ந்து கீர்த்திகாவுக்கு வாங்கிட்டு வந்தேம்பா. அவ சித்தி ஊரு நீங்க மீன் போடுற துறைக்குப் பக்கந்தானே? நாளைக்குப் படகுல கூட்டிட்டுப் போங்க. மெடல அவ கழுத்துலயும் ஒருதடவ போட்டுப் பாக்கணும்."

தர்மராஜ் கடல் பக்கம் பார்த்தார்.

"நாளைக்கு வேணாம்மா. காத்து சரியில்ல."

பூங்கொடியும் பார்த்தாள். ஒரு அலைகூட எழும்பாமல் கடல் கிடந்தது. பேனரின் ஓரம்கூட அசையவில்லை. பதினோரு மாதம் அப்பாவோடு படகு தள்ளியவள். காற்றைப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அன்னைக்கு நான் குளிக்கையில வந்த ராங் நம்பர் யாருப்பா?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். அவள் அவர் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு தெற்கே போகும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.